ஓட்டம் நின்றதும் மூச்சு ஏன் அடைக்கிறது?

புதுச்சேரிக்குத் தெற்கே உள்ள வீராம்பட்டினம் பெரிய மீனவர் ஊர். ஆடித் தேரோட்டத்திற்குப் பெயர் பெற்றது. மாலை வேளையில் அங்குள்ள கடற்கரைக்குச் சென்றால், கரையேற்றிய படகுகளுக்கிடையே பள்ளி மாணவர்கள் ஓடிப் பழகுவதைக் காணலாம். அவர்களுள் ஒருத்திக்கு வயது பதினைந்து. 1500 மீட்டர் ஓட்டக்காரி. மணலில் ஓடியே கால்களை உரமாக்கிக் கொண்டவள்.

சென்ற டிசம்பரில் அவள் உதகமண்டலத்தில் ஒரு போட்டிக்குச் சென்றாள். ஓடி முடித்து மூன்றாவதாகவும் வந்துவிட்டாள். ஆனால் ஓட்டம் நின்ற ஐந்தாவது நிமிடத்தில் நெஞ்சு இறுகிற்று. மூச்சை வெளியே விடும்போது சீழ்க்கை போன்ற ஒலி எழுந்தது. இருமல் நிற்கவில்லை. முக்கால் மணி நேரம் கழித்துத் தானாகவே சரியாகிவிட்டது.

அடுத்த போட்டிக்கு முன்னால் உறவினர் ஒருவர் தம்மிடமிருந்த இழைப்பு மாத்திரையை அவளுக்குக் கொடுத்தார். அன்று கைகள் நடுங்கின; நெஞ்சு படபடத்தது; அவளால் சரியாக ஓட முடியவில்லை. அவளுடைய தந்தை ஒரு நாள் மாலை என்னிடம் வந்து, "சார், இவ ஓடினது போதும்னு நெனைக்கிறேன்" என்றார். அவருக்குப் பின்னால் நின்ற அந்தப் பெண் மெல்லக் கேட்டாள்: "சார், மாத்திரை நல்லதா, பம்ப் நல்லதா?"

நான் மருத்துவன் அல்லன்; இயற்பியல் ஆசிரியன். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுமாறு சொல்லிவிட்டேன். ஆனால் அவள் கேட்டது நல்ல அறிவியல் கேள்வி. இரண்டு மருந்துகளை எப்படி ஒப்பிடுவது? ஒப்பிடுவதற்கு எதை அளப்பது? வாருங்கள், சேர்ந்து சிந்திப்போம்.

ஒரு சிறிய சோதனை

இளநீர்க் கடையில் கொடுக்கும் உறிஞ்சு குழாய் ஒன்றை எடுத்துக் கொள்ளுங்கள். நாற்காலியில் அமர்ந்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு, பத்து விநாடி மட்டும் அக்குழாய் வழியே மூச்சு விடுங்கள். இயலும், ஆனால் சிரமமாக இருக்கும். அதைவிட மெல்லிய குழாயில் மூச்சு விட்டால் சிரமம் பன்மடங்காகும். (இழைப்பு உள்ளவர்கள் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டாம்.)

குழாயின் அகலம் சிறிது குறைந்ததற்கு ஏன் இவ்வளவு வேறுபாடு? இதற்கு விடை கண்டவர் பாரிசில் 1797இல் பிறந்த பிரெஞ்சு மருத்துவர் ழான் பொய்சேய். இரத்தம் நுண்குழாய்களில் எப்படி ஓடுகிறது என்று அறிய விரும்பிய அவர், மெல்லிய கண்ணாடிக் குழாய்களில் நீரைச் செலுத்தி அளந்தார். நீங்கள் மேல்வகுப்பில் படிக்கும் பொய்சேய் விதி அப்படிப் பிறந்ததுதான். வரிச்சீராகப் பாயும் ஒரு பாய்மத்திற்குக் குழாய் தரும் தடை, குழாயின் ஆரத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர் விகிதத்தில் இருக்கும் என்பது அதன் சாரம்.

கணக்கிட்டுப் பார்ப்போம். ஆரம் 10% குறைந்தால் மீதி 0.9. அதன் நான்காம் அடுக்கு ஏறத்தாழ 0.66. எனவே தடை ஒன்றரை மடங்காகும். ஆரம் 20% குறைந்தால் தடை ஏறத்தாழ 2.4 மடங்கு. பாதியாகக் குறைந்தால் 16 மடங்கு! பெரிய மூச்சுக்குழல்களில் காற்று சுழன்று பாய்வதால் இவ்விதி அங்கே அப்படியே பொருந்தாது. ஆயினும் குழலின் சிறு சுருக்கம் பெருந்தடையாகும் என்ற உண்மை மாறாது. இதன் மறுபக்கமும் உண்மைதானே? குழலைச் சிறிது விரித்தாலே மூச்சு மிகவும் எளிதாகிவிடும். மூச்சுக்குழலை விரிக்கும் மருந்துகள் சில நிமிடங்களில் வியப்பூட்டும் ஆறுதல் தருவது இதனால்தான்.

கடற்கரையில் இல்லாதது மலையில் ஏன்?

மூச்சுக்குழலின் சுவரைச் சுற்றி மெல்லிய தசை இருக்கிறது. சிலருக்கு இந்தத் தசை எளிதில் சுருங்கிவிடும். ஓட்டத்திற்கும் இதற்கும் என்ன தொடர்பு?

சும்மா இருக்கும்போது நாம் நிமிடத்திற்கு 6 முதல் 8 லிட்டர் காற்றை இழுக்கிறோம். அது மூக்கின் வழியே செல்வதால் வெப்பமும் ஈரமும் பெற்று உள்ளே போகிறது. வேகமாக ஓடும்போது நிமிடத்திற்கு 60 லிட்டருக்கும் மேல் தேவைப்படுகிறது. மூக்கு போதாமல் வாய் திறக்கிறது. காற்றுக்கு ஈரம் சேர்க்கும் வேலை மூச்சுக்குழல்களின் தலையில் விழுகிறது.

நுரையீரலின் உட்பகுதியில் காற்று 37 டிகிரி வெப்பத்தில், நீராவி தெவிட்டிய நிலையில் இருக்கும். அதில் ஒரு கன மீட்டருக்கு 44 கிராம் நீர் உண்டு. கடற்கரையில் மாலைக் காற்று 30 டிகிரி, ஒப்பு ஈரப்பதம் 75% என்று கொள்வோம். அதில் ஏற்கெனவே ஏறத்தாழ 23 கிராம் நீர் இருக்கிறது. உடல் சேர்க்க வேண்டியது 21 கிராம். மலையில் காலைக் காற்று 8 டிகிரி, ஒப்பு ஈரப்பதம் 80% என்று கொள்வோம். ஈரப்பதம் கூடுதல்தானே என்று எண்ணிவிடாதீர்கள். குளிர்ந்த காற்று தாங்கக்கூடிய நீராவியே மிகக் குறைவு. அதில் இருப்பது ஏறத்தாழ 7 கிராம்தான். உடல் சேர்க்க வேண்டியது 37 கிராம்.

நிமிடத்திற்கு 60 லிட்டர் என்ற கணக்கில், கடற்கரையில் காற்றை ஈரமாக்க நிமிடத்திற்கு 1.3 கிராம் நீர் தேவை, மலையில் 2.2 கிராம். வெளிவிடும் மூச்சில் ஒரு பகுதி நீர் குழல்களின் சுவரிலேயே திரும்பப் படியும் என்றாலும் நட்டம் நட்டம்தான். கரையில் நன்றாக ஓடிய பெண் மலையில் தடுமாறியதன் காரணம் இப்போது புரிகிறதல்லவா?

நீர் போனால் என்ன ஆகும்? இதை வீராம்பட்டினத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லத் தேவையில்லை. கருவாடு போடும்போது உப்பு, மீனிலுள்ள நீரை வெளியே இழுப்பதை அவர்கள் நாள்தோறும் பார்க்கிறார்கள். மூச்சுக்குழலின் உட்சுவரில் உப்புக் கலந்த நீர்ப்படலம் ஒன்று இருக்கிறது. அதிலிருந்து நீர் ஆவியாகும்போது எஞ்சிய படலத்தில் உப்பின் செறிவு கூடுகிறது. அது சுவரிலுள்ள செல்களிலிருந்து நீரை இழுக்கிறது. இதனால் தூண்டப்பட்ட மாஸ்ட் செல்கள் முதலியவை ஹிஸ்டமின், லூக்கோட்ரையீன் ஆகிய பொருள்களை வெளியிடுகின்றன. அவை தசையைச் சுருக்குகின்றன. இவ்விளக்கத்தை வளர்த்தவர்களுள் முதன்மையானவர் ஆஸ்திரேலிய அறிவியலாளர் சாண்ட்ரா ஆண்டர்சன்.

இச்சுருக்கம் பெரும்பாலும் ஓட்டம் நின்ற 5 முதல் 10 நிமிடங்களில் உச்சம் அடைந்து, 30 முதல் 90 நிமிடங்களில் தானே தணிகிறது.

முதலில் அளவு, பிறகு மருந்து

ஓடினால் மூச்சு வாங்கும் எல்லாருக்கும் இந்த நோய் இருப்பதில்லை. இரத்தசோகை, பயிற்சிக் குறைவு, இதயக் கோளாறு, குரல்வளை தவறான நேரத்தில் மூடிக்கொள்ளுதல் ஆகியவையும் மூச்சு வாங்கச் செய்யும். நம் நாட்டு மாணவியரிடையே இரத்தசோகை பரவலாக இருப்பதை மறக்கக் கூடாது. இவற்றுக்கு மூச்சுக்குழலை விரிக்கும் மருந்து பயன்படாது.

எனவே மருத்துவர்கள் முதலில் அளக்கிறார்கள். ஓடுவதற்கு முன் ஒரு முறை, 6 முதல் 8 நிமிடங்கள் கடுமையாக ஓடிய பின் 5, 10, 15, 30ஆம் நிமிடங்களில் ஒவ்வொரு முறை, ஒரு கருவியில் பலமாக ஊதச் சொல்வார்கள். முதல் ஒரு விநாடியில் வெளிவரும் காற்றின் அளவு 10% அல்லது அதற்கு மேல் குறைந்தால் ஐயம் வலுப்படுகிறது. ஊதும் காற்றின் உச்ச வேகத்தை மட்டும் அளக்கும் எளிய குழாய்க் கருவியும் உண்டு. ஒருவர் ஓடுமுன் நிமிடத்திற்கு 360 லிட்டர் வேகத்தில் ஊதுகிறார், ஓடிய பின் 270 என்று வைத்துக்கொள்வோம். வீழ்ச்சி 90, அதாவது 25%.

இந்த எண்தான் நம் தராசு. மருந்தைக் கொடுத்துவிட்டு மீண்டும் அதே ஓட்டம், அதே அளவீடு. வீழ்ச்சி 25%இலிருந்து 5% ஆனால் மருந்து காத்திருக்கிறது என்று பொருள்.

ஆனால் ஒரு முறை பார்த்து முடிவு கட்டலாமா? கூடாது. அன்று காற்றில் ஈரம் கூடுதலாக இருந்திருக்கலாம். மருந்து என்ற நம்பிக்கையே பாதித் துணிவைத் தந்திருக்கலாம். ஆகவே நல்ல ஆய்வில் ஒரே ஆளுக்கு ஒரு நாள் மருந்தும் மற்றொரு நாள் மருந்தில்லாப் போலியும் தருவார்கள். எது எந்த நாள் என்பது உறிஞ்சுபவருக்கும் தெரியாது, அளப்பவருக்கும் தெரியாது. காற்றின் வெப்பமும் ஈரமும் மாறாமல் பார்த்துக் கொள்வார்கள்.

இனி மருந்துகளை வரிசையாகப் பார்ப்போம். ஒவ்வொன்றிடமும் நான்கு கேள்விகள் கேட்போம். எவ்வளவு விரைவில்? எவ்வளவு நேரம்? என்ன தீங்கு? நாள்தோறும் எடுத்தால் என்ன ஆகும்?

சென்னையிலிருந்து சென்ற புகை

ஊமத்தையை உலர்த்திப் புகைத்தால் இழைப்பு தணியும் என்பது நம் நாட்டில் பழைய வழக்கம். சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் இதை அறிந்திருந்தார். அவர் வழியாகக் கற்றுக்கொண்ட ஜெனரல் ஜென்ட் என்ற படைத்தலைவர் 1802இல் இதை இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றார். ஐரோப்பாவில் ஊமத்தைச் சுருட்டுகள் பரவியதில் சென்னைக்கும் பங்குண்டு!

ஊமத்தையில் உள்ள அட்ரோப்பின் தசையைச் சுருக்கும் நரம்புச் செய்தியைத் தடுக்கிறது. ஆனால் ஊமத்தை கொடிய நஞ்சு. அளவு மீறினால் சித்தப் பிரமையும் மரணமும் நேரும். யாரும் அதைத் தொட வேண்டாம். அட்ரோப்பினை வேதியியல் முறையில் மாற்றி அமைத்த இப்ராட்ரோப்பியம் என்ற பாதுகாப்பான மருந்து பின்னர் உறிஞ்சு வடிவில் வந்தது. அது மெதுவாக, ஒன்று இரண்டு மணி நேரத்தில் உச்சம் அடையும். ஓட்டத்தால் வரும் சுருக்கத்தைச் சிலரிடம் தடுக்கிறது, பலரிடம் தடுப்பதில்லை. காரணம் எளிது: ஓட்டத்தில் தசையைச் சுருக்குபவை பெரும்பாலும் ஹிஸ்டமினும் லூக்கோட்ரையீனும். நரம்பின் வழியை அடைத்தால் இந்த வழி அடைபடாது.

காப்பியின் உறவினர்

ஆங்கில மருத்துவர் ஹைடு சால்ட்டர் தாமே இழைப்பு நோயாளி. கடுங்காப்பி குடித்தால் இழைப்பு குறைகிறது என்று 1860ஆம் ஆண்டையொட்டி எழுதினார். காப்பியிலுள்ள கஃபீனின் நெருங்கிய உறவு தியோஃபிலின். 1888இல் தேயிலையிலிருந்து இதைப் பிரித்தவர் ஆல்பிரெக்ட் கோசல். பல ஆண்டுகள் இது முதன்மை மாத்திரையாக விளங்கியது. ஆனால் பயன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. வாந்தி, படபடப்பு, அளவு கூடினால் வலிப்பும் வரும். ஓட்டக்காரருக்கு இன்று இதைப் பரிந்துரைப்பது அரிது.

பதக்கம் இழந்த சிறுவன்

சீனாவின் மா ஹுவாங் என்ற செடியிலிருந்து 1885இல் ஜப்பானியர் நாகாய் எஃபிட்ரின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார். மாத்திரையாக விழுங்கலாம், ஆனால் குழலை விரிப்பதோடு நில்லாமல் இதயத்தையும் மூளையையும் தூண்டும்.

1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் நீச்சலில் அமெரிக்காவின் ரிக் டிமான்ட் விநாடியில் நூறில் ஒரு பங்கு முந்தித் தங்கம் வென்றார். அப்போது அவருக்கு வயது 16. அவர் ஆஸ்துமாவுக்காக உட்கொண்ட மாத்திரையில் எஃபிட்ரின் இருந்தது. தாம் உண்ணும் மருந்தை அவர் முன்பே படிவத்தில் எழுதித் தந்திருந்தார். பெரியவர்கள் அதை உரிய இடத்தில் சேர்க்கவில்லை. பதக்கம் பறிபோயிற்று, திரும்பவே இல்லை.

பூட்டும் சாவியும்

நம் உடலே சுரக்கும் அட்ரினலினுக்கு வெவ்வேறு உறுப்புகளில் வெவ்வேறு 'பூட்டுகள்' உண்டு என்று 1948இல் ரேமண்ட் ஆல்குவிஸ்ட் காட்டினார். இதயத்தில் பெரும்பாலும் பீட்டா-1. மூச்சுக்குழல் தசையில் பீட்டா-2. முன்பு வந்த ஐசோபிரினலின் என்ற மருந்து இரண்டையும் திறந்தது. இரண்டாவதை மட்டும் திறக்கும் சாவியைத் தேடி, இங்கிலாந்தில் டேவிட் ஜாக்கின் குழுவினர் கண்டெடுத்ததே சல்பூட்டமால். 1969இல் அது விற்பனைக்கு வந்தது.

கையடக்க இன்ஹேலர் பிறந்த கதை மாணவர்களாகிய உங்களுக்கு மகிழ்ச்சி தரும். அமெரிக்காவில் மருந்து நிறுவனத் தலைவர் ஜார்ஜ் மெய்சனின் 13 வயது மகளுக்கு ஆஸ்துமா. வாசனைத் தெளிப்பானைப் போல் என் மருந்தையும் ஏன் தெளிக்கக் கூடாது என்று அவள் கேட்டாள். 1956இல் இன்ஹேலர் கடைக்கு வந்தது.

இப்போது நம் ஓட்டக்காரியின் கேள்விக்கு வருவோம். சல்பூட்டமால் மாத்திரையில் இருப்பது 2 அல்லது 4 மில்லிகிராம். இன்ஹேலரை இரு முறை அழுத்தினால் வருவது 200 மைக்ரோகிராம். வகுத்துப் பாருங்கள்: மாத்திரையில் இருப்பது 10 முதல் 20 மடங்கு! மாத்திரை வயிற்றில் கரைந்து, இரத்தத்தில் கலந்து, உடல் முழுதும் சுற்றி, அரை மணி கழித்துத்தான் நுரையீரலில் வேலை செய்யும். வழியில் கைத் தசைகளையும் இதயத்தையும் தட்டி எழுப்பும். அவள் கை நடுங்கியது இதனால்தான். உறிஞ்சிய மருந்து நேரே உரிய இடத்திற்குப் போய் ஐந்து நிமிடங்களில் வேலையைத் தொடங்குகிறது. 'பம்ப் பழகிவிட்டால் விட முடியாது' என்று நம் ஊரில் அஞ்சுகிறார்கள். உண்மையில் உடலுக்குள் குறைந்த மருந்தை அனுப்பும் வழி அதுவே. மாத்திரையாக உண்ணும் சல்பூட்டமால் இன்று விளையாட்டுப் போட்டிகளில் தடை செய்யப்பட்டது; உறிஞ்சும் சல்பூட்டமால் வரம்புக்குள் அனுமதிக்கப்படுகிறது.

நீண்ட நேரம் காப்பவை

சல்பூட்டமால் ஓட்டக்காரரை 2 முதல் 4 மணி நேரம்தான் காக்கும். காலையில் உறிஞ்சிவிட்டு மாலை வரை விளையாடும் மாணவருக்கு அது போதாது. பின்னர் வந்த சால்மெட்ரால், ஃபார்மோட்ரால் ஆகிய இரண்டும் 12 மணி நேரம் குழலை விரிக்கும். சால்மெட்ரால் மெதுவாகத் தொடங்கும். ஃபார்மோட்ரால் சல்பூட்டமாலைப் போலவே சில நிமிடங்களில் தொடங்கும்.

அப்படியானால் நீண்ட நேரம் காப்பதே சிறந்தது என்று முடிவு கட்டலாமா? நம் நான்காவது கேள்வி இன்னும் மீதமிருக்கிறது. கனடாவில் எஸ்டெல் சைமன்ஸ் குழுவினர் உங்கள் வயதையொத்த வளரிளம் பருவத்தினரிடம் சால்மெட்ராலைச் சோதித்து, 1997இல் முடிவை வெளியிட்டனர். முதல் நாள் காலையில் எடுத்த மருந்து ஒரு மணி கழித்தும் காத்தது, ஒன்பது மணி கழித்தும் காத்தது. நான்கு வாரம் நாள்தோறும் எடுத்த பின், ஒரு மணி கழித்துக் காத்தது. ஒன்பது மணி கழித்துக் காக்கவில்லை. சாவி ஓயாமல் பூட்டைத் திருகிக்கொண்டே இருந்தால் பூட்டு மழுங்கிவிடுகிறது எனலாம். சல்பூட்டமாலை நாள்தோறும் எடுத்தாலும் காப்பு குறைகிறது.

மான்ட்டிலூகாஸ்ட் என்ற மாத்திரை குழலை விரிப்பதில்லை. லூக்கோட்ரையீனின் வேலையைத் தடுக்கிறது. ஓட்டத்திற்கு இரண்டு மணி நேரமாவது முன்பே எடுக்க வேண்டும். காப்பு சிலரிடம் பாதியளவே. ஆனால் நாள்தோறும் எடுத்தாலும் மழுங்குவதில்லை. மனநிலை மாற்றம் நேரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2020இல் கடுமையாக எச்சரித்துள்ளது.

விரிப்பது வேறு, ஆற்றுவது வேறு

இதுவரை கூறிய விரிப்பு மருந்துகள் யாவும் தசையைத் தளர்த்துகின்றன. தசை ஏன் எளிதில் சுருங்குகிறது? பலருக்கு அடியில் ஆஸ்துமா இருக்கிறது. மூச்சுக்குழலின் சுவர் அழன்று வீங்கியிருக்கிறது. விரிப்பு மருந்து வீக்கத்தைத் தொடுவதில்லை. ஆறுதல் உடனே கிடைப்பதால் நோய் வளர்வது தெரியாமலே போகிறது. வீக்கத்தைக் குறைப்பது உறிஞ்சும் ஸ்டீராய்டு. அதுவும் மைக்ரோகிராம் அளவில்தான்.

2014இல் சுவீடனிலிருந்து வெளியான ஓர் ஆய்வில், 12 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களை மூன்று குழுவாகப் பிரித்தனர். ஒரு குழு தேவைப்படும்போது விரிப்பு மருந்து மட்டும் உறிஞ்சியது. இரண்டாவது, நாள்தோறும் ஸ்டீராய்டு உறிஞ்சியது. மூன்றாவது, ஸ்டீராய்டும் ஃபார்மோட்ராலும் சேர்ந்த மருந்தைத் தேவைப்படும்போதும் ஓட்டத்திற்கு முன்பும் உறிஞ்சியது. ஆறு வாரம் கழித்து ஓடச் செய்தபோது முதற்குழுவில் முன்னேற்றம் இல்லை. மற்ற இரண்டும் முன்னேறின.

ஆஸ்துமாவுக்கான உலகளாவிய வழிகாட்டுக் குழுவான ஜினா 2019இல் தன் அறிவுரையை மாற்றிக் கொண்டது. 12 வயதும் அதற்கு மேலும் உள்ள ஆஸ்துமா நோயாளிகளுக்குச் சல்பூட்டமால் போன்ற விரைவு மருந்தை மட்டும் தனியே தரக் கூடாது; வீக்கத்தை ஆற்றும் மருந்தும் உடன் வேண்டும் என்றது. ஆண்டில் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட விரைவு இன்ஹேலர்கள் தீர்ந்தால் அது ஆபத்தின் அறிகுறி.

மருந்தில்லா வழிகளும் உண்டு. ஓட்டத்திற்கு முன் 10, 15 நிமிடங்கள் விட்டு விட்டு ஓடி உடலைச் சூடேற்றினால், ஏறத்தாழப் பாதிப் பேருக்கு அடுத்த ஒன்றிரண்டு மணி நேரம் சுருக்கம் குறைகிறது. குளிர்ந்த இடத்தில் மூக்கையும் வாயையும் துணியால் மூடி ஓடினால், வெளிவிட்ட மூச்சின் ஈரமே உள்ளே திரும்பும்.

ஓடலாமா?

1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் கலந்துகொண்ட அமெரிக்க வீரர்கள் 597 பேரில் 67 பேருக்கு இந்தக் குறை இருந்தது. அவர்கள் வென்ற பதக்கங்கள் 41! ஓட்டத்தை நிறுத்துவது மருத்துவம் ஆகாது.

நம் வீராம்பட்டினத்து மாணவியை மருத்துவமனையில் ஓடவைத்து அளந்தார்கள். மூச்சுக்குழல் சுருங்குவது எண்ணில் தெரிந்தது. அடியில் இலேசான ஆஸ்துமாவும் இருந்தது. மாத்திரையை நிறுத்தி, ஸ்டீராய்டும் ஃபார்மோட்ராலும் சேர்ந்த இன்ஹேலரைத் தந்து, உறிஞ்சும் முறையையும் கற்பித்தார்கள். இப்போது மாலையில் கடற்கரைக்குப் போனால் அவள் ஓடுவதைப் பார்க்கலாம். அவளுடைய தந்தை வலை பழுது பார்த்தபடியே கையில் கடிகாரத்தோடு அமர்ந்திருக்கிறார். சுற்றுக்கு எத்தனை விநாடி என்று எண்ணுவது இப்போது அவர் வேலை!

சிந்தித்து விடை காண்க

1. மூச்சுக்குழலின் ஆரம் 30% குறைந்தால் தடை எத்தனை மடங்காகும்?
2. ஒரே தூரத்தை நீந்துபவரைவிட, குளிரில் ஓடுபவருக்கு இழைப்பு எளிதில் வருவது ஏன்?
3. இரண்டு மருந்துகளை ஒப்பிட, ஒன்றைக் கோடையிலும் மற்றொன்றை மார்கழியிலும் சோதித்தால் முடிவு செல்லுமா? ஏன்?